சஹ்ரானின் கதை எந்தத் தேதியில் தொடங்குகிறது? நான்கு ஆவணங்களும் ஒரு கவிதைப் புத்தகமும்

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று நடந்த தற்கொலைத் தாக்குதல்களைப் பற்றி முக்கியமான ஆவணங்கள் என்று நான்கைச் சொல்லலாம். 2019 அக்டோபரில் வந்த நாடாளுமன்றத் தெரிவுக்குழு அறிக்கை. 2021 பிப்ரவரியில் ஜனாதிபதியிடம் கொடுக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு அறிக்கை. 2023 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. அதே வருஷம் செப்டம்பரில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ஆவணப்படம். முதல் மூன்றும் அரசு சம்பந்தப்பட்டவை, நான்காவது பத்திரிகை வேலை. நாலையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்துப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

என் வாதம் சின்னது. தேசிய தவ்ஹீத் ஜமாஅத் என்ற குழு எப்படி உருவானது என்று இந்த நாலு ஆவணமும் ஏதோ ஒரு விதத்தில் சொல்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் கதையை வேறு வேறு தேதியில் ஆரம்பிக்கிறது. எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறோம் என்பதே யார் குற்றவாளி என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழகின விஷயம். சர்வர் விழுந்தால் ஒவ்வொரு குழுவும் தனக்கு வசதியான நேரத்திலிருந்து லாக்கை எடுத்து வந்து மேஜையில் போடும். எல்லா லாக்கும் உண்மைதான். ஆனா பொய் சொல்லாமலே ஏமாற்றலாம்.

முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் அதிகம் குழப்பியது அதுதான். 2019 ஏப்ரலில் அந்தப் பெயர் செய்தியில் வந்ததும் இங்கே நிறைய பேருக்குச் சுவரொட்டி ஞாபகம்தான் வந்தது. எங்க ரமணாசிரமம் பகுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அன்பர், பேருந்து நிலையம் பக்கம் பார்த்த ரத்ததான முகாம் போஸ்டரை போனில் படம் எடுத்து வந்து, "இவர்கள்தானா அவர்கள்?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, கேட்டதில் தப்பில்லை. தமிழ் தெரிந்த தொலைக்காட்சிகள் அதே கேள்வியை விவாதத் தலைப்பாக ஓடவிட்டதுதான் கொடுமை.

தவ்ஹீத் என்றால் ஏகத்துவம், இறைவன் ஒருவனே என்ற கொள்கை. ஜமாஅத் என்றால் கூட்டம், சங்கம். இந்த இரண்டு சொல்லும் சேர்ந்த பெயரில் இலங்கையிலேயே பல அமைப்புகள் உண்டு. தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் 2004-இல் தொடங்கப்பட்டது. ஸ்ரீலங்கா தவ்ஹீத் ஜமாஅத் வேறு. காத்தான்குடியில் சஹ்ரான் ஹாஷிம் 2012 வாக்கில் தொடங்கிய தேசிய தவ்ஹீத் ஜமாஅத் இன்னொன்று. தர்கா வழிபாடு கூடாது, தாயத்து கூடாது என்கிற மார்க்கக் கருத்துகளில் இவர்களுக்குள் ஒற்றுமை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பேச்சாளர்களின் ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் இலங்கையின் கிழக்குக் கரையில் நிறைய புழங்கின என்பதும் உண்மை. ஆனால் தர்காவுக்குப் போகாதே என்று சொல்வதற்கும் தேவாலயத்தில் வெடிப்பதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தைச் சொல்லாமல், பெயர் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதுவது ஆராய்ச்சி ஆகாது. அது கணினியில் ஒரு சொல்லைத் தேடி எடுப்பது மட்டும்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை செத்தும் கொன்றும் போன எல்லாருமே தேசிய தவ்ஹீத் ஜமாஅத் ஆட்களா என்றால், இல்லை. 2017-இல் சஹ்ரான் தலைமறைவான பிறகு, அந்த அமைப்பே அவரை நீக்கிவிட்டதாக அறிவித்தது. கொழும்பு ஹோட்டல்களில் வெடித்த சகோதரர்கள் இருவரும் பெரிய வாசனைப் பொருள் வியாபாரியின் பிள்ளைகள். ஒருவருக்குச் சொந்தமாகச் செம்புத் தொழிற்சாலை இருந்தது. ஜமாஅத்தே மில்லத்து இப்ராஹிம் என்ற இன்னொரு வட்டமும் இதில் கலந்திருந்தது. தாஜ் சமுத்திரா ஹோட்டலில் குண்டு வெடிக்காமல் போய், பிறகு தெஹிவளையில் ஒரு சின்ன விடுதியில் வெடித்துச் செத்தவர் லண்டன் பக்கம் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்தவர், ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். வறுமைதான் காரணம், மதரஸாதான் காரணம் என்ற இரண்டு ரெடிமேட் விளக்கமும் இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து மதரஸாவில் படித்த சஹ்ரானும், கோடீஸ்வர வீட்டுப் பிள்ளைகளும், பொறியியல் படித்தவரும் ஒரே அணியில் வந்து நிற்கிறார்கள்.

இப்போது ஆவணங்கள்.

தெரிவுக்குழு அறிக்கையின் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது கிட்டத்தட்ட 2019 ஏப்ரல் 4-இல். அன்றுதான் இந்திய உளவுத்துறை, சஹ்ரான் பெயரையே சொல்லி, தேவாலயங்களும் இந்தியத் தூதரகமும் குறி என்று இலங்கையின் அரச புலனாய்வு சேவையின் தலைவர் நிலந்த ஜயவர்தனவுக்குத் தகவல் கொடுத்தது. 9-ஆம் தேதி அது போலீஸ் தலைவருக்குப் போனது. 11-ஆம் தேதி ஒரு டி.ஐ.ஜி. கையெழுத்தில் சுற்றறிக்கையாகச் சில பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. 16-ஆம் தேதி காத்தான்குடி அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்க வைத்து ஒத்திகையே பார்த்துவிட்டார்கள். 20-ஆம் தேதி மறுபடி எச்சரிக்கை. தேவாலயங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

இந்தப் பதினேழு நாளைத் தெரிவுக்குழு நன்றாகவே தோண்டியிருக்கிறது. சாட்சியங்களில் நிறைய தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது, மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஜனாதிபதி சிறிசேனவுக்கும் பிரதமர் ரணிலுக்கும் 2018 அக்டோபர் முதல் நடந்த குடுமிப்பிடிச் சண்டையில் பிரதமரும் போலீஸ் தலைவரும் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கே கூப்பிடப்படவில்லை என்ற விஷயம் எல்லார் மனதிலும் பதிந்தது அந்த விசாரணையில்தான். உளவுத் தலைவருக்குத்தான் பெரிய பொறுப்பு என்று தெரிவுக்குழு முடிவுக்கு வந்தது. கூடவே ஒரு கேள்வியையும் போட்டு வைத்தது: தேர்தலுக்கு முன் நாட்டில் பயத்தை உண்டாக்கப் பாதுகாப்பு அமைப்பில் யாராவது இதை விட்டுப் பிடித்தார்களா, இதை மேலும் விசாரிக்க வேண்டும் என்று. இந்த வரி 2019 அக்டோபரில் எழுதப்பட்டது என்பதை மறக்க வேண்டாம், பிறகு திரும்பி வருவோம்.

ஆனால் அறிக்கையின் பலமே அதன் குறையும். எச்சரிக்கை வந்ததிலிருந்து கதை ஆரம்பித்தால், இது தபால் சரியாகப் போகாத கதை ஆகிவிடுகிறது. குழு எப்படி வந்தது என்பது பின்னணியில் சில பக்கமாகச் சுருங்கிவிடுகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதே ரகம்தான், ஆனால் நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. அதன் முன்னால் இருந்த கேள்வியே அதிகாரிகள் கடமை தவறி அடிப்படை உரிமையை மீறினார்களா என்பதுதான். ஏழு நீதிபதிகள் ஆமாம் என்றார்கள். சிறிசேன 10 கோடி ரூபாய், போலீஸ் தலைவராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் ஆளுக்கு ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, சிசிர மெண்டிஸ் 1 கோடி என்று சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு கட்டச் சொன்னார்கள். நம்ம பக்கத்து நாடுகளில் ஒரு முன்னாள் ஜனாதிபதியைப் பார்த்து இப்படிச் சொன்ன தீர்ப்பு வேறு எது இருக்கு? நாலு ஆவணத்தில் கைக்கு ஏதாவது கிடைத்தது இது ஒன்றினால்தான். இதற்குப் பதினோரு மாதம் முன்பு, 2022 பிப்ரவரியில், ஹேமசிறியும் பூஜித்தும் 855 குற்றச்சாட்டுகளிலிருந்து கொழும்பு மேல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆணைக்குழு அறிக்கை கடிகாரத்தைப் பின்னால் நகர்த்துகிறது. வஹாபியம், சவூதிப் பணம், அரபு மதரஸாக்கள், மாறிய உடை. கூடவே இன்னொரு பக்கம் பொது பல சேனா, ஞானசார தேரர், அளுத்கம 2014, திகன 2018. நேர்மையாகச் சொன்னால், பொது பல சேனாவைத் தடை செய்யச் சொன்ன தைரியத்தைப் பாராட்டணும். அந்த அறிக்கையைக் கையில் வாங்கிய கோத்தபய ராஜபக்ஷ அதே ஞானசார தேரரை அதே வருஷம் அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்ற செயலணிக்குத் தலைவராகப் போட்டார் என்பது அறிக்கை எழுதியவர்கள் தப்பு இல்லை. 2021 ஏப்ரலில் அமைச்சர் சரத் வீரசேகர, மூளையாக இருந்தவர் நௌபர் மௌலவிதான் என்று அறிவித்து விஷயத்தை மூடப் பார்த்தார். கர்தினால் மல்கம் ரஞ்சித் அதை ஏற்கவில்லை. அதே மாதம் பதினோரு அமைப்புகள் தடை செய்யப்பட்டன. ஐ.எஸ்., அல்கொய்தாவோடு ஒரே பட்டியலில் ஸ்ரீலங்கா தவ்ஹீத் ஜமாஅத்தும் இருந்தது. 2023-இல் அதிலிருந்து சில அமைப்புகளை அரசே எடுத்துவிட்டது. பெயர் ஒத்துப்போவதை வைத்து முடிவெடுப்பது நம்ம தொலைக்காட்சிகளின் தனி உரிமை இல்லை.

ஆணைக்குழு அறிக்கையின் குறை என்னவென்றால், அது தேதியைப் பின்னால் தள்ளும்போது ஊரை விட்டுவிடுகிறது. வஹாபியம் என்பது ஒரு காற்று மாதிரி நாடு முழுக்க வீசியது என்கிற தொனி. காற்று எல்லா ஊரிலும்தான் வீசியது. காத்தான்குடியில் என்ன நடந்தது?

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

காத்தான்குடி மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கொண்டு இருக்கும் ஊர். கிட்டத்தட்ட முழுக்க முஸ்லிம்கள், பேசுவது தமிழ். 1990 ஆகஸ்ட் 3 அன்று இஷா தொழுகையில் இருந்தவர்களை மீரா ஜும்மா பள்ளியிலும் ஹுசைனியா பள்ளியிலும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட. அதே அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 70,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். சஹ்ரான் பிறந்தது 1980-களின் நடுவில். அந்த ஊரில் அந்த வயதில் வளர்ந்த எந்தப் பையனுக்கும் இந்தக் கதை தெரியாமல் இருக்க வழியில்லை. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை, அதே பள்ளிவாசல் சுவர்களைப் பார்த்து வளர்ந்த ஆயிரக்கணக்கானவர்கள் குண்டு கட்டவில்லை. ஆனால் ஈழப் போர் பற்றி இவ்வளவு எழுதும் தமிழ்நாட்டுக் கட்டுரையாளர்கள் சஹ்ரான் பற்றி எழுதும்போது இந்த ஊரின் பெயருக்குக் கீழே இந்தத் தேதியைப் போடாமல் தாண்டிப் போவது எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது, யாரும் அதிகம் பேசாத சூஃபிகள் கதை. காத்தான்குடியில் அப்துர் ரவூஃப் மௌலவி என்ற சூஃபி அறிஞருக்கு எதிராக, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 1979-லேயே மதம் மாறியவர் என்று ஃபத்வா கொடுத்திருந்தது. கவனிக்க, தவ்ஹீத் ஆட்கள் இல்லை, நடுநிலையான பெரிய உலமா சபை. 2004-இல் அவரைப் பின்பற்றுகிறவர்களின் வீடு, கடைகள் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் பயில்வான் என்று அழைக்கப்பட்ட இன்னொரு சூஃபித் தலைவர் இறந்தபோது, புதைத்த உடலையே தோண்டி எடுத்தார்கள், அவருடைய தலத்தை இடித்தார்கள். ஊரே சேர்ந்து செய்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம். இது முஸ்லிம்களின் உள்வீட்டுச் சண்டை என்று அரசு வேடிக்கை பார்த்தது.

இந்த ஊரில்தான் சஹ்ரான் வளர்கிறார். பன்னிரண்டு வயதில் ஜாமியத்துல் ஃபலாஹ் அரபுக் கல்லூரியில் சேர்ந்தார், பாடம் நடத்துகிறவர்களையே மார்க்கம் தெரியாதவர்கள் என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்டார். 2006 வாக்கில் தாருல் அதர் பள்ளியில் ஒட்டினார், மூன்று வருஷத்தில் அங்கேயும் முறிந்தது. பிறகு சொந்த அமைப்பு. 2015 பொதுத் தேர்தலில் ஊர் அரசியல்வாதிகள் அவரோடு ஒப்பந்தம் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டார், ஓட்டு வேணுமே. 2017 மார்ச் 10 அன்று அலியார் சந்தியில் சூஃபிகளோடு நடந்த மோதலில் வாள் வெளியே வந்தது. அவருடைய தந்தை, ஒரு சகோதரர் உட்பட ஒன்பது பேர் உள்ளே போனார்கள். சஹ்ரான் தப்பினார். அன்றிலிருந்து தலைமறைவு.

என் கணக்கில் இந்தக் குழு வன்முறைக் குழுவாக மாறிய தேதி இதுதான், ஆனால் அதன் வேர் 2004-இல் இருக்கிறது. ஒரு சிறுபான்மைக்குள் இருக்கும் இன்னும் சிறிய சிறுபான்மையை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அந்த ஊர் இரண்டு முறை நிரூபித்துக் காட்டியது. சூஃபிகள் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். முஸ்லிம் அமைப்புகளே சஹ்ரானின் காணொளிகளைப் பற்றி அதிகாரிகளுக்கும் முகநூலுக்கும் சொன்னார்கள். அந்தக் காணொளிகள் எல்லாம் சுத்தமான தமிழில் இருந்தன. முகநூலில் தமிழ் தெரிந்து பார்ப்பவர்கள் போதுமான அளவு இல்லை, கொழும்பில் தமிழ் கேட்டுப் புரிந்து கொள்ள அக்கறை இல்லை.

தலைமறைவுக்குப் பிறகு நடந்ததைத் தேதி வரிசையில் போட்டால் சில விளக்கங்கள் தானாக விழுந்துவிடும். 2018 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பு வவுணதீவில் காவல் சோதனைச் சாவடியில் இரண்டு போலீஸார் கொல்லப்பட்டார்கள். உடனே ஒரு முன்னாள் புலி உறுப்பினரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கிழக்கில் யாராவது போலீஸைக் கொன்றால் அது புலிதான் என்ற பழைய ஃபார்முலா. உண்மையில் செய்தது சஹ்ரான் ஆட்கள் என்பது ஈஸ்டருக்குப் பிறகுதான் வெளியே வந்தது. அதற்குள் ஒரு தமிழர் சும்மா சில மாதம் சிறையில் கழித்துவிட்டார். டிசம்பர் 26 மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைப்பு. 2019 ஜனவரி 16 புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோப்பில் 100 கிலோ அளவு வெடிபொருளும் டெட்டனேட்டர்களும் பிடிபட்டன. கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலை நடந்தது மார்ச் 15. அப்படியானால் ஈஸ்டர் தாக்குதல் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என்று இலங்கை அமைச்சர் ஒருவர் முதல் வாரத்திலேயே சொன்னதும், அதை உலகப் பத்திரிகைகள் தலைப்பாகப் போட்டதும் என்ன? ஜனவரியில் பிடிபட்ட வெடிமருந்து மார்ச்சில் நடந்த கொலைக்காகச் சேர்த்ததாக இருக்க முடியாது. பிறகு அல் பாக்தாதி தன் வீடியோவில் இது சிரியாவில் பாகூஸ் விழுந்ததற்குப் பழி என்றார். அதுவும் அவர் சௌகரியத்துக்குச் சொன்ன காரணம். ஐ.எஸ். பெயரையும் கொடியையும் கொடுத்தது, அபு பக்கர் அல் பாக்தாதிக்குச் சத்தியம் செய்யும் வீடியோவை வெளியிட்டது. மருந்தும் ஆளும் இலங்கையில் திரட்டியவை.

அடுத்து சேனல் 4. இந்தப் படத்தின் கடிகாரம் பின்னாலிருந்து ஓடுகிறது: 2019 நவம்பரில் கோத்தபய ஜெயித்தார், ஆகவே யாருக்கு லாபம் என்று பார். பிள்ளையானின் முன்னாள் பேச்சாளர் ஆசாத் மௌலானா, 2018 பிப்ரவரியில் சஹ்ரானையும் ராணுவப் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சாலேயையும் தானே ஏற்பாடு செய்து சந்திக்க வைத்ததாகச் சொல்கிறார். சாலே அந்தச் சமயத்தில் தான் மலேசியாவில் இருந்ததாகச் சொல்லி மறுத்தார். பிள்ளையானும் மறுத்தார். படம் வந்ததும் தமிழ்ச் சமூக வலைத்தளங்களில் பாதிப்பேர் இதுதான் முழு உண்மை என்றார்கள், மீதிப்பேர் சதிக்கோட்பாடு என்று ஒரே சொல்லில் தள்ளினார்கள்.

இரண்டும் சோம்பேறித்தனம். சதி என்று தள்ள முடியாததற்குக் காரணம், படத்துக்கு நாலு வருஷம் முன்பே ஒரு நாடாளுமன்றக் குழு கிட்டத்தட்ட இதே கேள்வியை எழுதி வைத்திருக்கிறது. சஹ்ரானைத் தேடிக்கொண்டிருந்த பயங்கரவாத விசாரணைப் பிரிவின் நாலக டி சில்வா 2018 அக்டோபரில் வேறொரு வழக்கில் கைதானார், தேடல் அங்கே தளர்ந்தது. இது படம் கண்டுபிடித்தது இல்லை, பதிவில் இருக்கிற விஷயம். ஆனால் முழு உண்மை என்றும் எடுக்க முடியாது. படம் ஒரு மனிதரின் சாட்சியத்தின் மேல் மொத்தக் கட்டடத்தையும் நிறுத்துகிறது. அதைவிட முக்கியம், 2018-இல் சந்திப்பு நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 2017-இல் வாள் எடுத்தவரை அது உருவாக்கியிருக்க முடியாது. பயன்படுத்தியிருக்கலாம். உருவாக்குவதும் பயன்படுத்துவதும் வேறு வேறு குற்றம். படம் இரண்டையும் ஒரே இசையில் கலந்து பரிமாறுகிறது. படத்தில் காத்தான்குடி சூஃபிகளுக்கு இடமே இல்லை, சதியில் அவர்களுக்கு வேலை இல்லையே.

நம்ம ஊரில் இதே நோய் இல்லையா என்றால், இருக்கு. கோவை 1998 பிப்ரவரி 14-ஐப் பற்றி எழுதுகிறவர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் 1993-இல் சென்னை சேத்துப்பட்டு ஆர்.எஸ்.எஸ். அலுவலகக் குண்டுவெடிப்பில் ஆரம்பிப்பார்கள், பதினோரு பேர் செத்தது அதில். பாஷாவின் அல் உம்மா என்ற பெயர் பரவலானதும் அந்த வருஷம்தான். இன்னொரு பக்கம் 1997 நவம்பர் கடைசியில், காவலர் செல்வராஜ் கொலைக்கு மறுநாள் தொடங்கிய கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் பதினெட்டு முஸ்லிம்கள் செத்ததில் ஆரம்பிப்பார்கள். முதல் தரப்பு பதினெட்டைச் சொல்லாது, இரண்டாம் தரப்பு பதினொன்றைச் சொல்லாது. நடுவில் செல்வராஜ் ஒரு தரப்புக்கு முதல் வரி, மறு தரப்புக்கு அடிக்குறிப்பு. 58 பேர் செத்த வழக்கில் ஒன்பது வருஷம் உள்ளே இருந்து 2007-இல் விடுதலையான மதானியை இரண்டு தரப்புமே தங்களுக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொள்ளும். 2019 ஜூனில் தேசியப் புலனாய்வு முகமை கோவையில் சோதனை போட்டபோது முதல் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் சஹ்ரானின் முகநூல் நண்பர் என்று சொன்னது. அந்தச் சமயம் விசாரிக்கப்பட்டவர்களில் ஒருவர்தான் 2022 அக்டோபர் 23 கோட்டை ஈஸ்வரன் கோவில் முன் காரில் வெடித்துச் செத்த ஜமேஷா முபின். காத்தான்குடித் தமிழ்ப் பேச்சு கடலைத் தாண்டி வந்தது என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சை உட்கார்ந்து கேட்டு, அது எப்படி ஆளை இழுக்கிறது என்று ஒரு நல்ல தமிழ் விமர்சனக் கட்டுரை வந்து நான் படிக்கவில்லை. ஆபத்தான பேச்சைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் ஆபத்தில்லாத பேச்சையும் பிரித்துச் சொல்ல முடியும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு அஹ்னாஃப் ஜஸீம் வழக்கைச் சொல்கிறேன். மன்னார் பகுதியைச் சேர்ந்த இளம் ஆசிரியர், கவிஞர். 2017-இல் 'நவரசம்' என்று ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்பு போட்டார். 2020 மே 16 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது. அந்தப் புத்தகம் மாணவர்களிடம் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. தமிழ் தெரிந்த யாரும் எடுத்துப் படிக்கலாம், அதில் வன்முறையையும் ஐ.எஸ். அமைப்பையும் கண்டிக்கிற கவிதைகளே இருக்கின்றன. கண்டிக்க வேண்டும் என்றால் அந்தச் சொற்களை எழுதித்தானே ஆகணும். சொல் இருக்கிறது, பொருள் போய்விட்டது. 19 மாதம் உள்ளே இருந்தார், 2021 டிசம்பரில்தான் ஜாமீன். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் தமிழில் கொல்லச் சொல்லிப் பேசியவரின் காணொளி எல்லாருக்கும் திறந்து கிடந்தது, யாரும் கேட்கவில்லை. கொல்லாதே என்று தமிழில் எழுதியவரின் புத்தகத்தை அதிகாரிகள் தேடிப்பிடித்துத் தப்பாகப் படித்தார்கள். நான்கு ஆவணங்களில் உளவுத் தகவல் எப்படிப் போனது, யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள், யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. விசாரித்தவர்களுக்கும் விசாரிக்கப்பட்டவர்களுக்கும் நடுவில் ஒரு மொழி இருந்தது என்பதைத் தனித் தலைப்பாக எடுத்துப் பேசிய ஆவணம் ஒன்றுகூட இல்லை.

செத்தவர்கள் எண்ணிக்கையே முதலில் 359 என்று சொல்லி, பிறகு 253 என்று குறைத்து, காயப்பட்டவர்கள் சிலர் பிறகு இறந்ததில் 260-ஐத் தாண்டி நின்றது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். சீயோனில் செத்தவர்களில் பலர் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் இன்னும் யார் செய்தது என்று கேட்கவில்லை, அது தெரியும். ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் 25 பேர் மேல் 23,270 குற்றச்சாட்டுகளோடு முக்கிய வழக்கு பதிவானது. விசாரணை தொடங்கியதும் ஒத்திவைக்கப்பட்டது. காரணம், குற்றப்பத்திரிகை சிங்களத்தில் இருந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.